காசு எங்கங்க போச்சு, மாப்பிள்ளை?

என் மாமனார் மேட்டூர் அனல் மின் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு இரண்டு விஷயங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஒன்று, மாலை நாலரை மணி டீ. இன்னொன்று, பேப்பரின் வணிகப் பக்கம். டீயில் இஞ்சி தட்டிப் போடுவார். யாராவது ஏலக்காயை நீட்டினால் முகம் மாறிவிடும். பேப்பரில் புரியாத செய்தி இருந்தால் பேனாவால் வட்டம் போட்டு வைப்பார். நாங்கள் சேலம் போகிற வாரக் கடைசியில் அந்த வட்டங்களுக்கெல்லாம் நான் பதில் சொல்ல வேண்டும். பெண் கொடுத்தவருக்கு நான் செய்கிற சீர் அது ஒன்றுதான்.

2025 பிப்ரவரி 1-ம் தேதி பார்த்த வட்டம், பேனா இரண்டு முறை சுற்றிய வட்டம். சனிக்கிழமை. உள்ளே டிவியில் அன்றைய மத்திய பட்ஜெட்டை நான்கு பேர் அலசிக்கொண்டிருந்தார்கள். மாமா டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு, அந்த வாரத்துப் பேப்பரை விரித்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, என்விடியான்னு ஒரு கம்பெனி. திங்கக்கிழமை ஒரே நாள்ல 589 பில்லியன் டாலர் போச்சுன்னு போட்டிருக்கான். நம்ம காசுல எவ்வளவுங்க?"

போனில் பெருக்கிப் பார்த்தேன். ஏறக்குறைய 51 லட்சம் கோடி ரூபாய். டிவியில் ஓடிக்கொண்டிருந்த பட்ஜெட்டின் மொத்தச் செலவே 50.65 லட்சம் கோடிதான். நூற்று நாற்பது கோடிப் பேருக்கான ஒரு வருடச் செலவுக்குச் சமமான தொகை, கலிஃபோர்னியாவில் இருக்கும் ஒரு சிப் கம்பெனியின் பெயரிலிருந்து ஒரே பகலில் காணாமல் போயிருக்கிறது.

"அந்தக் காசு எங்கங்க போச்சு? யாரோ எடுத்திருக்கணுமில்ல?"

பல வருடம் பங்குச் சந்தையைப் பற்றி எழுதியும் இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதில்லை. பதில் இதுதான்: யாரும் எடுக்கவில்லை, ஏனென்றால் அது காசாக இருக்கவே இல்லை.

மாமாவுக்கு ஓமலூர் பக்கம் ஒரு மனை உண்டு. அறுபது மனை கொண்ட லேஅவுட். பைபாஸ் வருகிறது என்று பேச்சு கிளம்பியபோது ஒருவர் வந்து ஒரு மனையைப் 18 லட்சத்துக்கு வாங்கினார். அன்றைக்கு மீதி ஐம்பத்தொன்பது பேரும் ராத்திரிச் சாப்பாட்டின்போது தங்கள் மனையும் 18 லட்சம் என்று எண்ணிக்கொண்டார்கள். பைபாஸ் வேறு பக்கம் திரும்பிவிட்டது என்று தெரிந்த மாதம், மகள் கல்யாணத்துக்காக ஒருவர் 11 லட்சத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கைமாறியது ஒரு மனை. ஆனால் அறுபது பேருக்கும் ஏழேழு லட்சம் 'நஷ்டம்'.

என்விடியாவுக்கு நடந்ததும் இதுவே. அந்தக் கம்பெனிக்கு மொத்தம் சுமார் 2,450 கோடிப் பங்குகள். வெள்ளிக்கிழமை மாலை ஒரு பங்கு 142.62 டாலர், திங்கட்கிழமை மாலை 118.42. வித்தியாசத்தை 2,450 கோடியால் பெருக்கினால் பேப்பர்காரன் போட்ட எண் ஏறக்குறைய வந்துவிடும். ஆனால் அன்று கைமாறிய பங்குகள் 80 கோடிக்குக் கொஞ்சம் மேல். நூறில் மூன்று சொச்சம். மீதி தொண்ணூற்றாறு பங்கும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. விளிம்பில் நின்று விற்கிற, வாங்குகிற சிலர் பேசி முடிக்கும் விலையை எல்லோர் தலையிலும் ஒட்டுவதுதான் சந்தை மதிப்பு என்பது.

"அப்ப வெறும் காகிதக் கணக்குன்னு விட்டுடலாங்களா?" என்றார். விட முடியாது. மனையை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவனுக்கு 18 லட்சம் என்பது நிஜம், 11 லட்சம் என்பது அதைவிட நிஜம்.

சரி, அந்தச் சிலர் ஏன் அன்றைக்கு விற்றார்கள்? சீனாவின் ஹாங்சோ நகரத்திலிருக்கும் டீப்சீக் என்ற நிறுவனம் ஜனவரி 20-ம் தேதி ஒரு ஏஐ மாடலை வெளியிட்டது. அமெரிக்காவின் சிறந்த மாடல்களோடு ஒப்பிடத்தக்கது, ஆனால் சல்லிசு. அதற்கு அடிப்படையாக இருந்த மாடலைப் பயிற்றுவித்த கடைசிக் கட்டத்துக்கு ஆன செலவு 56 லட்சம் டாலருக்கும் குறைவு என்று டிசம்பரிலேயே எழுதியிருந்தார்கள். ஆராய்ச்சிக்கும் முந்தைய சோதனைகளுக்கும் ஆனது இதில் சேராது என்றும் அவர்களே எழுதியிருந்தார்கள். சந்தை அந்த வரி வரைக்கும் படிக்கவில்லை. வாரக் கடைசியில் அவர்கள் செயலி அமெரிக்க ஆப்பிள் ஆப் ஸ்டோரில் முதலிடத்துக்கு வந்தது. திங்கட்கிழமை காலை எல்லோர் மனதிலும் ஒரே கேள்வி. இவ்வளவு குறைந்த செலவில் முடியுமென்றால், இவ்வளவு சிப் எதற்கு?

இந்தக் கேள்வி ஏன் அவ்வளவு வலித்தது என்பதற்கு என்விடியாவின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். 1993-ல் ஜென்சன் ஹுவாங்கும் இரண்டு நண்பர்களும் ஒரு ஓட்டல் மேஜையில் உட்கார்ந்து பேசித் தொடங்கிய கம்பெனி. வீடியோ கேமில் படம் தடங்கலில்லாமல் ஓடுவதற்கான சிப் செய்தார்கள். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கணக்குகளை ஒரே சமயத்தில் போடுகிற சிப் அது. ஏஐ மாடலைப் பயிற்றுவிக்கத் தேவைப்படும் வேலையும் அதே வகை என்பது பின்னால் தெரிந்தது. 2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வந்தது. அந்த வருடக் கடைசியில் என்விடியாவின் சந்தை மதிப்பு சுமார் 36,000 கோடி டாலர். 2025 அக்டோபரில் 5 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. (அமெரிக்கர்களின் டிரில்லியன் என்பது நம் லட்சம் கோடி.)

இதற்கு நடுவில் என்னைக் கேட்டால் முக்கியமான நாள் 2023 மே 24. அடுத்த காலாண்டில் 1,100 கோடி டாலருக்கு விற்போம் என்று கம்பெனி அன்று சொன்னது. சந்தை நிபுணர்கள் எதிர்பார்த்திருந்தது 700 கோடி சொச்சம். மறுநாளே பங்கு 24% ஏறியது. அதுவரை பேச்சாக இருந்த ஏஐ, அன்றைக்குத்தான் பில் புத்தகத்தில் ஏறியது.

ஆனால் இதே கம்பெனி 2024 ஆகஸ்ட் கடைசியில், விற்பனை ஒரே வருடத்தில் 122% கூடியது என்று அறிவித்தபோது, மறுநாள் பங்கு 6% விழுந்தது. மாமா இதைக் கேட்டதும் டம்ளரை வைத்துவிட்டார். "இரண்டு மடங்குக்கு மேல வித்தா விழுமா? என்னங்க நியாயம்?"

மின் வாரியத்தில் தீபாவளி போனஸை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். 20% வரும் என்று ஒரு மாதமாகப் பேச்சு. அந்த நம்பிக்கையில் துணி எடுத்தாயிற்று, நகைச் சீட்டுக்கும் சொல்லியாயிற்று. அறிவிப்பு வருகிறது: 20%. யார் துள்ளிக் குதித்தார்கள்? 25% வரும் என்று யூனியன் ஆபீசில் ஒருவர் கிளப்பிவிட்டிருந்தால், அதே 20% ஏமாற்றம். பங்கு விலை என்பது இனி வரப்போகும் லாபத்தைப் பற்றி இன்றைக்கே எல்லோரும் எண்ணி வைத்திருக்கிற எண்ணம். நல்ல சேதி வந்தால் போதாது, எண்ணியதைவிட நல்லதாக வர வேண்டும். ஏஐ மீதான ஆர்வம் கூடக்கூட அந்தக் கோடும் மேலே மேலே போகிறது.

மாமா தலையாட்டிக்கொண்டே பேப்பரில் இன்னொரு பத்தியைக் காட்டினார். அதற்கும் வட்டம். அதே திங்கட்கிழமை விஸ்ட்ரா என்ற கம்பெனி 28% விழுந்தது. கான்ஸ்டலேஷன் ஏறக்குறைய 21%. என்விடியாவே 17% தான்.

"இது ரெண்டும் என்னங்க கம்பெனி?"

"கரண்ட் கம்பெனி, மாமா."

எனக்குப் பேச்சு சூடு பிடித்தது இந்த இடத்தில்தான். அவருக்கும்.

மின்சாரக் கம்பெனிப் பங்கு என்றால் அமெரிக்காவில் ரொம்ப காலமாக ஒரே அர்த்தம்தான்: மெதுவாக வளரும், ஒழுங்காக டிவிடெண்ட் வரும், ஓய்வுபெற்றவர்கள் வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். டெக்சஸைச் சேர்ந்த விஸ்ட்ரா 2024-ல் மட்டும் மூன்றரை மடங்கு ஆனது. என்விடியாவின் அந்த வருட ஏற்றத்தைவிட அது அதிகம். ஏஐ மாடலுக்குச் சிப் வேண்டும். சிப்பை அடுக்க டேட்டா சென்டர் வேண்டும். டேட்டா சென்டர் ராப்பகலாகக் கரண்ட் குடிக்கும். ஆகவே மின் நிலையம் வைத்திருப்பவன்தான் அடுத்த முதலாளி என்று சந்தை முடிவு கட்டியது. 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் 20 வருட ஒப்பந்தம் போட்டது. பென்சில்வேனியாவில் 2019-ல் மூடிய அணு உலை ஒன்றைத் திரும்ப இயக்கி, அதன் கரண்டை வாங்கிக்கொள்வதற்கு. திரீ மைல் ஐலண்ட். 1979-ல் விபத்து நடந்த அதே வளாகம், பக்கத்து உலை. அந்த நிலையத்தின் சொந்தக்காரர் கான்ஸ்டலேஷனின் பங்கு ஒரே நாளில் 22% ஏறியது.

"எத்தனை மெகாவாட்டுங்க அது?"

"835."

"எங்க பழைய நாலு யூனிட்டும் சேர்ந்து 840," என்றார். குரலில் ஐந்து மெகாவாட் பெருமை.

சங்கிலியில் கோத்த பிறகு, ஒரு கண்ணியை இழுத்தால் எல்லாம் சேர்ந்து விழும். சீனாவில் யாரோ கணக்கைச் சிக்கனமாகப் போட்டதற்கு டெக்சஸில் நிலக்கரியும் எரிவாயுவும் எரிக்கிற கம்பெனியின் மதிப்பில் கால் பங்குக்கு மேல் போனது அப்படித்தான். 

அந்த வார எதிர்வாதமும் சுவாரசியமானது. மைக்ரோசாஃப்டின் சத்யா நாதெள்ளா, 1865-ல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் நிலக்கரி பற்றிச் சொன்னதை எடுத்துப் போட்டார்: எஞ்சின் சிக்கனமானால் கரி குறையாது, கூடும், சிக்கனம் என்பதால் எல்லோரும் எஞ்சின் வைப்பார்கள். மாமாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. "குண்டு பல்பு போய் எல்இடி வந்துச்சு. பில் குறைஞ்சுதாங்க? மிச்சமாகுதேன்னு ஏசி மாட்டினோம்." மறுநாளே என்விடியா ஏறக்குறைய 9% மீண்டது. ஜூலையில் 4 லட்சம் கோடி டாலர்.

அதற்கடுத்த பெரிய வட்டம் தீபாவளிக்குப் போனபோது காத்திருந்தது. அது வட்டமில்லை, அம்புக்குறி. மூன்று செய்திகளை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்பு போட்டிருந்தார். கடைசி அம்பு முதல் செய்திக்கே திரும்பி வந்தது.

2025 செப்டம்பர் 10-ல் ஆரக்கிள் கம்பெனி பங்கு ஒரே நாளில் 36% ஏறியது. கையில் இருக்கும் ஆர்டர்கள் 45,500 கோடி டாலர் என்று அறிவித்ததால். அதில் பெரும்பகுதி சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ கொடுக்க வேண்டியது. செப்டம்பர் 22-ல் என்விடியா, ஓபன்ஏஐயில் 10,000 கோடி டாலர் வரை முதலீடு செய்யும் என்று அறிவிப்பு. ஓபன்ஏஐ அந்தக் கையோடு டேட்டா சென்டர் இடம் வாங்கும். இடம் கொடுக்கிற ஆரக்கிள் போன்றவர்கள் என்விடியாவிடம் சிப் வாங்குவார்கள். அக்டோபர் 6-ல் என்விடியாவின் போட்டிக் கம்பெனி ஏஎம்டி ஓபன்ஏஐயிடம் வேறு மாதிரி பேசியது: எங்கள் சிப்பை வாங்கு, படிப்படியாக 16 கோடிப் பங்கு வரை பேருக்கு ஒரு விலையில் உனக்குத் தருகிறோம் என்று. அன்று ஏஎம்டி பங்கு 24% ஏற்றம்.

"இது மொய்யுங்க," என்றார் மாமா.

அதைவிடப் பொருத்தமாக யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. அவர் பீரோவில் மூன்று மொய் நோட்டு இருக்கிறது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்தே தனியாக நடக்கும். இன்று நான் உனக்கு எழுதுவேன், நாளை நீ எனக்கு எழுதுவாய். வசூல் தினத்தன்று பந்தலில் உட்கார்ந்திருப்பவர் லட்சாதிபதி. அது வருமானமில்லை, பாதி கடன் என்பது அவருக்குத் தெரியும், தெரியாதவர் வெளியூர்க்காரர். மொய்யில் மோசடி ஏதுமில்லை. தொழில் தொடங்கவும் கிணறு வெட்டவும் அந்தப் பணம் உதவியிருக்கிறது. அடுத்த வீட்டில் விசேஷம் நடந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சரக்கு விற்கிறவனே வாங்குகிறவனுக்குக் காசு கொடுப்பது பழைய வியாபார வழக்கம். டிராக்டர் கம்பெனி கடன் கொடுப்பதில்லையா? என்விடியா விஷயத்தில் அப்போது வந்தது விருப்பக் கடிதம்தான், முடிந்த ஒப்பந்தம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் பந்தலில் எழுதுகிற தொகைக்கும் வீட்டு வருமானத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஓபன்ஏஐயின் சாம் ஆல்ட்மேன் அடுத்த மாதம் தானே சொன்ன கணக்கு: எட்டு வருடங்களில் சுமார் 1.4 லட்சம் கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டிருக்கிறோம். ஆண்டு வருமானம், வருடக் கடைசி வேகத்தில் கணக்கிட்டால், 2,000 கோடி டாலருக்கு மேல். எழுபது மடங்கு. ஆரக்கிளின் பங்கு டிசம்பருக்குள் உச்சத்திலிருந்து 40 சதவிகிதத்துக்கும் மேல் இறங்கியிருந்தது. மொய் எழுதினவர் கையிலிருந்து காசு எப்போது வரும் என்று ஊர் யோசிக்க ஆரம்பித்துவிட்டது.

அன்று இன்னொன்றும் பேசினோம், தேய்மானம். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பொதுவாக என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள், அன்றும் போனாள். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மைக்ரோசாஃப்ட், கூகுளின் தாய்க் கம்பெனி ஆல்ஃபபெட், அமேசான், மெட்டா நான்கும் சேர்ந்து 2024-ல் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் போட்டது 20,000 கோடி டாலருக்கு மேல். இந்தச் செலவு அந்த வருட லாபத்திலிருந்து மொத்தமாகக் கழிவதில்லை. இயந்திரத்தின் ஆயுள் இத்தனை வருடம் என்று எழுதி, வருடத்துக்கு ஒரு பங்காகக் கழிப்பார்கள். ஆயுளை நீட்டி எழுதினால் இந்த வருட லாபம் கூடும். "டிரான்ஸ்பார்மருக்கு 25 வருஷம் எழுதுவோம்," என்றார் மாமா. "அது 35 வருஷம் ஓடும்." டேட்டா சென்டர் சிப் அப்படியில்லை. என்விடியா ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒன்றைக் கொண்டுவருகிறது. பழையது கெட்டுப்போகாது, ஆனால் வாடகை இறங்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த தகவல்: 2025 ஜனவரியில் அமேசான் தன் சர்வர்களில் ஒரு பகுதிக்கு ஆயுளை ஆறு வருடத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தது, ஏஐயால் மாற்றம் வேகமாக இருக்கிறது என்று காரணம் சொல்லி. அதே மாதம் மெட்டா தன் சர்வர்களின் ஆயுளை ஐந்தரை வருடமாக நீட்டியது; அதனால் அந்த வருடத் தேய்மானம் 290 கோடி டாலர் குறையும் என்றது. ஒரே வகைச் சரக்கு, ஒரே மாதம், இரண்டு ஜாதகம். 'லாபம்' என்று நாம் படிக்கிற எண்ணுக்குள் இப்படி ஒரு ஊகம் உட்கார்ந்திருக்கிறது. 2025 அக்டோபர் கடைசியில் மெட்டா இன்னும் அதிகம் செலவழிப்போம் என்று சொன்னதும் பங்கு 11% விழுந்தது. 

"இதெல்லாம் அமெரிக்காக்காரன் தலைவலி. எனக்கென்னங்க?" என்றார்.

அப்போதுதான் நான் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. 2021-ல் என் மனைவி அவர் பெயரில் மாதாமாதம் கட்டுகிற எஸ்ஐபி ஒன்று தொடங்கியிருந்தாள். அமெரிக்கப் பங்குகளில் போடுகிற நாஸ்டாக் 100 இண்டெக்ஸ் ஃபண்ட். மாமா அதை ஏதோ அஞ்சலகத் திட்டம் மாதிரி நினைத்திருந்தார்.

"அப்ப அந்தத் திங்கக்கிழமை என் காசும் போச்சுங்களா?"

"கொஞ்சம். அப்புறம் அதைவிட அதிகமா வந்துச்சு."

இண்டெக்ஸ் ஃபண்டில் மேனேஜர் யோசிப்பதில்லை. பெரிய கம்பெனிக்குப் பெரிய பங்கு, சின்னதுக்குச் சின்னது. அமெரிக்காவின் முக்கியமான 500 கம்பெனிகளின் குறியீடான எஸ் அண்ட் பி 500-ல் நூறு ரூபாய் போட்டால், 2025 கடைசியில் ஏழெட்டு ரூபாய் என்விடியா ஒன்றுக்கே போனது. முதல் பத்து கம்பெனிகளுக்குக் கிட்டத்தட்ட நாற்பது ரூபாய். ஏஐ பற்றி ஒன்றும் தெரியாத, கவலைப்படாத ஓய்வூதியக்காரரின் காசும் இப்படி அந்த வண்டியில் ஏறிவிடுகிறது. 'ஐநூறு கம்பெனியில் பிரித்துப் போட்டிருக்கிறேன்' என்று நிம்மதியாக இருப்பவர், காசில் கிட்டத்தட்ட நாற்பது சதவிகிதத்தைப் பத்து கம்பெனிகள் மேல் பந்தயம் கட்டியிருக்கிறார். இந்தியாவில் இதில் ஒரு கூத்து உண்டு. வெளிநாட்டுப் பங்குகளில் மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து 700 கோடி டாலருக்கு மேல் போடக் கூடாது என்று வரம்பு. அது நிரம்பியதும் புதிய யூனிட் கிடைக்கவில்லை. சந்தையில் கைமாறுகிற நாஸ்டாக் ஈடிஎஃப்களை, உள்ளே இருக்கும் பங்குகளின் மதிப்பைவிடக் கூடுதல் விலை கொடுத்து மக்கள் வாங்கினார்கள். சினிமா டிக்கெட்டைப் போல பிளாக்கில்.

2026 பொங்கலுக்குப் போனபோது மாமாவின் சின்ன மகளும் வந்திருந்தாள். சோழிங்கநல்லூரில் ஐடி கம்பெனியில் வேலை. பேச்சு தானாக இந்தியாவின் பக்கம் திரும்பியது.

2025-ல் தென்கொரியாவின் கோஸ்பி குறியீடு ஏறக்குறைய 75% ஏறியது. ஏஐ சிப்போடு சேர்ந்து போகிற நினைவகச் சிப்பைச் செய்கிற எஸ்கே ஹைனிக்ஸும் சாம்சங்கும் அங்கே. என்விடியாவின் சிப்பையே செய்து கொடுக்கிற டிஎஸ்எம்சி தைவானில். நம் நிஃப்டி அந்த வருடம் சுமார் 10%. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தியப் பங்குகளை விற்று வெளியே கொண்டுபோனது நிகரமாக ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அமெரிக்க வரி, இங்கே ஏற்கெனவே விலை அதிகம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஏஐ மீது பந்தயம் கட்ட வருகிறவனுக்கு இங்கே வாங்க ஒன்றுமில்லை என்பதும் காரணம்தான். நம் பெரிய டெக் கம்பெனிகள் ஆள்பலத்தை மணிக்கணக்கில் விற்கிறவை. அந்த மணிகளை மென்பொருளே குறைத்துவிடுமோ என்ற பயத்தில் நிஃப்டி ஐடி குறியீடு அந்த வருடம் பத்து சதவிகிதத்துக்கும் மேல் இறங்கியது. 2025 ஜூலையில் டிசிஎஸ் 12,000 பேருக்கு மேல் குறைப்பதாக அறிவித்தபோது, இது ஏஐயால் அல்ல, திறன் பொருந்தாததால் என்று அதன் தலைமை அதிகாரி சொன்னார். கொழுந்தியா அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பை நான் இங்கே மொழிபெயர்க்கப் போவதில்லை.

ஒரே ஆர்வம் ஒருவனைத் தூக்கும், இன்னொருவனைக் கவிழ்க்கும். 2023 மே மாதம், மாணவர்களுக்கு வீட்டுப்பாடத்தில் உதவி செய்கிற செக் என்ற அமெரிக்கக் கம்பெனி, சாட்ஜிபிடியால் புதிய வாடிக்கையாளர் குறைகிறார்கள் என்று ஒப்புக்கொண்டது. மறுநாள் பங்கு பாதியானது. அந்த மாதக் கடைசியில்தான் என்விடியா 24% ஏறிய அந்த நாள்.

பெயர் மாற்றிக்கொண்டு பிழைக்கிறவர்களும் உண்டு. டீ குடித்துக்கொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது: லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ என்று நியூயார்க்கில் ஒரு கம்பெனி, பாட்டிலில் டீ விற்றது. 2017 டிசம்பரில் கிரிப்டோ காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது பெயரை லாங் பிளாக்செயின் என்று மாற்றுவதாக அறிவித்தார்கள். அன்றைக்கே பங்கு மூன்று மடங்குக்குப் பக்கத்தில் போனது. தொழில், டீ. அடுத்த வருடம் நாஸ்டாக் அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஏஐக்கும் அந்தப் பழக்கம் தொற்றியது. 2024 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம், ஏஐ வைத்து முதலீடு செய்கிறோம் என்று இல்லாததைச் சொன்ன இரண்டு ஆலோசனை நிறுவனங்களுக்கு அபராதம் போட்டது. மாமா டம்ளரைத் தூக்கிப் பார்த்து, "இதுக்கு ஏஐ இஞ்சி டீன்னு பேர் வெச்சா எவ்வளவு போகுங்க?" என்றார்.

கொழுந்தியா கேட்டது வேறு. இது குமிழியா, இல்லையா?

2000-ல் இணையத்துக்கு வேண்டிய கருவிகளை விற்ற சிஸ்கோவைச் சொன்னேன். அந்த வருடம் மார்ச் 27-ல் பங்கு 80 டாலர். உலகிலேயே மதிப்புமிக்க கம்பெனி. இணையம் வரும், உலகத்தை மாற்றும், அதற்கு சிஸ்கோ வேண்டும் என்று நம்பினார்கள். மூன்றும் பலித்தன. சிஸ்கோவின் ஆண்டு விற்பனை 1,900 கோடி டாலரிலிருந்து 5,700 கோடிக்குப் போனது. பங்கு விலை மட்டும் அந்த 80 டாலரை மறுபடி பார்க்க 2025 டிசம்பர் ஆயிற்று. இருபத்தைந்து வருடம். நடுவில் பத்தில் ஒன்பது பங்கு போயிருந்தது. ஜோசியம் சரியாகத்தான் இருந்தது, கொடுத்த தட்சிணை அதிகம். அன்றைய சிஸ்கோவின் விலை அதன் ஆண்டு லாபத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேல். 2025 கடைசியில் என்விடியா அந்த அளவில் இல்லை, லாபமும் கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என்விடியாவின் லாபத்தில் பெரும்பகுதி சில பெரிய வாடிக்கையாளர்களின் செலவு. அவர்கள் கை நிற்கிற மாதம் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஆறுதல் தேடக் கூடாது.

மாமா இதில் பாதியைக் கவனிக்கவில்லை. தீபாவளி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த என்விடியா, ஓபன்ஏஐ செய்திக்கு அடியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். செய்தியில் டாலருக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருந்தது: பத்து ஜிகாவாட். நாங்கள் எல்லோரும் தாண்டிப் போன எண்.

"பத்தாயிரம் மெகாவாட்," என்றார். "மேட்டூர் புது யூனிட்டும் சேர்த்து 1,440. இது ஏழு மேட்டூருங்க, மாப்பிள்ளை. நம்ம தமிழ்நாடு மொத்தமும் உச்சத்துல 2024 மே மாச வெயில்ல இழுத்ததே 20,830. அதுல பாதி."

நாதெள்ளாவே ஒரு பேட்டியில் சொன்னதைச் சொன்னேன்: இப்போது சிக்கல் சிப் இல்லை, கரண்ட், பிளக் போட இடமில்லாமல் சிப் இருப்பில் கிடக்கக்கூடும் என்று.

"பின்ன?" என்றார் மாமா. "நிலையம் கட்டணும். டவர் போட்டு லைன் இழுக்கணும். அவ்வளவு பெரிய டிரான்ஸ்பார்மருக்கு இன்னைக்கு ஆர்டர் குடுத்தா எப்ப வரும்?" பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு கணக்கைத் திரும்பப் பார்த்தார். டீ ஆறிப்போயிருந்தது. "பங்கு வாங்கினவங்க யாராவது, அந்தச் சப்ஸ்டேஷன்ல வேலை பாக்கறவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களான்னு பாருங்க," என்று சொல்லிவிட்டு, டம்ளர்களை எடுத்துக்கொண்டு சூடு பண்ண உள்ளே போனார்.